8 ஜிபி போதுமா, 16 ஜிபி வேணுமா? கோடியக்கரையிலிருந்து வந்த ஒரு லேப்டாப் கேள்வி

"அண்ணே, கடையில நிக்கிறேன். 8 ஜிபி ரேம் உள்ளது 44 ஆயிரம், 16 ஜிபி உள்ளது 53 ஆயிரம்னு சொல்றாங்க. எதை எடுக்க? சீக்கிரம் சொல்லுங்க, ஊருக்குக் கடைசி பஸ் போயிடும்."

பேசியது சித்தி மகன். ஊர் கோடியக்கரை. வேதாரண்யத்தையும் அகஸ்தியம்பள்ளியையும் உப்பளங்களையும் தாண்டிப் போனால், நிலம் முடிந்து கடல் ஆரம்பிக்கிற இடம். வெளிமானும் பூநாரையும் பார்க்க நாம் போகிற அந்த ஊரில் உட்கார்ந்துதான் அவன் சென்னை கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறான். ராத்திரியில் டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்கிறான். கையில் இருப்பது சித்தி சீட்டு எடுத்த பணம். தப்பான மெஷினை எடுத்துவிட்டால் இன்னொன்று வாங்க நாலைந்து வருஷமாவது ஆகும்.

"இன்னைக்கு எதையும் எடுக்காதே. பஸ்ஸைப் பிடி, ராத்திரி பேசுவோம்" என்றேன். கடைக்காரருக்கு என் மேல் கோபம் இருந்திருக்கும். அந்த ராத்திரி பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கோடியக்கரையில் இருந்தாலும் கோயம்புத்தூரில் இருந்தாலும் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான்.

களமும் பத்தாயமும்

முதல் குழப்பம் 'மெமரி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. போன் வாங்கும்போது '256 ஜிபி மெமரி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது ஸ்டோரேஜ். ரேம் வேறு. டெல்டாக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஸ்டோரேஜ் என்பது பத்தாயம். நெல் அங்கேயே கிடக்கும். ரேம் என்பது களம். தூற்றுவதும் காயவைப்பதும் அளப்பதும் களத்தில்தான் நடக்கும். பத்தாயம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், களம் சின்னதாக இருந்தால் ஒரு கட்டு போரடித்து, அள்ளி வைத்துவிட்டுத்தான் அடுத்த கட்டை இறக்க முடியும்.

லேப்டாப்பும் அதைத்தான் செய்கிறது. ரேம் நிரம்பினால், உடனடியாகத் தேவைப்படாததை எஸ்எஸ்டிக்குத் தள்ளிவிட்டு, கேட்கும்போது திரும்ப எடுத்து வருகிறது. எஸ்எஸ்டி வேகமானதுதான். ஆனால் ரேமோடு ஒப்பிட்டால் அது மாட்டுவண்டி. டேப் மாற்றினால் திரை ஒரு நொடி வெளுத்து நிற்பதும், மீட்டிங்கில் குரல் திக்குவதும் பல நேரம் நெட்டால் இல்லை, இந்த இழுபறியால்தான்.

ரேம் நிறைந்து தெரிவதே கோளாறு என்றும் நினைத்துவிடக் கூடாது. விண்டோஸ் சும்மா கிடக்கும் ரேமில் அடிக்கடி தேவைப்படுவதை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும். வேறு யாராவது இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். எனவே 16 ஜிபி மெஷினில் 9 ஜிபி பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டினால், 8 ஜிபி மெஷினில் அதே வேலை நடக்கவே நடக்காது என்று அர்த்தமில்லை.

கேட்காதீர்கள், அளந்து பாருங்கள்

'எனக்கு எவ்வளவு ரேம் வேணும்?' என்று யூடியூபில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இப்போது கையில் இருக்கும் கம்ப்யூட்டரிலோ, நண்பரிடம் இரவல் வாங்கியதிலோ ஒரு வேலைநாளை அளந்துவிடுவது உத்தமம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடுங்கள். 'இன் யூஸ்', 'கமிட்டெட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இப்போது ரேமில் உட்கார்ந்திருப்பது. இரண்டாவது, ஓடுகிற புரோகிராம்களுக்கெல்லாம் சேர்த்து விண்டோஸ் ஒதுக்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கும் அளவு. வேலை உச்சத்தில் இருக்கும்போது இரண்டாவது எண் உங்கள் ரேமைத் தாண்டி நின்று, மெஷினும் திணறினால், களம் பத்தவில்லை என்று பொருள்.

தம்பி ஒரு வாரம் நண்பனின் 8 ஜிபி லேப்டாப்பில் வேலை பார்த்தான். டேலி, எக்செல், ஒரு வீடியோ மீட்டிங், குரோமில் பதினைந்து டேப். இன் யூஸ் 7.1 ஜிபி, கமிட்டெட் 11 ஜிபிக்குப் பக்கம். "8 ஜிபின்னு வாங்கினது, 7.7னுதானே காட்டுது, ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டான். இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில், திரையில் படம் காட்டவும் இதே ரேமிலிருந்துதான் ஒரு பங்கு போகும்.

படிப்புக்கென்று அவன் போடும் வேலை இன்னும் கனமானது. பைத்தானில் பாண்டாஸ் வைத்து ஒரு சிஎஸ்வி கோப்பைத் திறந்தால், அது மொத்தமாக ரேமில் ஏறும். எழுத்து நிறைந்த தரவாக இருந்தால் கோப்பின் அளவைப் போல் சில மடங்கு இடம் பிடிக்கும். ஒரு ஜிபி கோப்பு, 8 ஜிபி மெஷினை உட்கார வைத்துவிடும். அந்த அளவுக்குப் பிறகு எங்களுக்குள் விவாதமே இல்லை: 16.

அப்படியானால் 8 ஜிபி வீணா? கிடையாது. 2026 ஜனவரி 5 அன்று தொடங்கிய 'உலகம் உங்கள் கையில்' திட்டத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தரும் லேப்டாப்பில் இருப்பது 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3. புராஜெக்ட் எழுத, ஆன்லைன் வகுப்பு பார்க்க, சி, பைத்தான் கற்றுக்கொள்ள அது தாராளம். இலவசமாக ஒன்று வீட்டுக்கு வந்திருந்தால், கடன் வாங்கி இன்னொன்று எடுக்கும் முன் ஒரு செமஸ்டர் அதை ஓட்டிப் பாருங்கள்.

2011 செப்டம்பர் 15 அன்று முதல் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது வந்தவற்றில் ரேம் 2 ஜிபிதான். தம்பியின் அக்காவுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அப்படி ஒன்று இன்னும் வீட்டில் பரணில் இருக்கிறது. அன்றைக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. விண்டோஸ் 11 நிறுவவே இன்றைக்குக் குறைந்தது 4 ஜிபி கேட்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. ஆப்பிள் 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் ஆரம்ப ரேமை 8லிருந்து 16 ஜிபியாக்கியது. மைக்ரோசாஃப்ட் தன் 'கோபைலட் பிளஸ்' முத்திரைக்குக் குறைந்தது 16 ஜிபி வேண்டும் என்கிறது. அடுத்த ஐந்து வருடத்துக்கு வாங்குகிறவர் போகும் திசை இதுதான்.

32 ஜிபி யாருக்கு? 4கே வீடியோ எடிட் செய்பவர்கள், டாக்கர், விர்ச்சுவல் மெஷின், ஆண்ட்ராய்டு எமுலேட்டர் என்று ஒரே நேரத்தில் ஓட்டுபவர்கள், ஏஐ மாடலை நெட் இல்லாமல் சொந்த மெஷினிலேயே ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள். மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல திரையில் போடலாம். கண் நம்முடையது.

'அப்புறம் போட்டுக்கலாம்' எடுபடுமா?

"8 ஜிபி எடுத்துட்டு, பின்னாடி இன்னொரு 8 போட்டுக்கலாம்னு கடைக்காரர் சொன்னாரே?" நியாயமான யோசனைதான், ரெண்டு விஷயம் சரியாக இருந்தால்.

ஒன்று, மதர்போர்டில் காலி ஸ்லாட் இருக்க வேண்டும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைத்தே வருகிறது. விவரக்குறிப்பில் 'எல்பிடிடிஆர்5' என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் அப்படித்தான். பிறகு கூட்ட முடியாது. வெறும் 'டிடிஆர்4', 'டிடிஆர்5' என்றிருந்தால் வாய்ப்பு உண்டு. அப்போதும் எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். கடையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இதெல்லாம் இருக்காது.

இரண்டாவது, விலை. ரேம் என்றால் வருஷாவருஷம் மலிவாகும் என்று நினைத்த காலம் போய்விட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை மொத்தமாக அள்ளிக்கொள்வதால் 2025 இறுதியில் விலை மளமளவென்று ஏறியது. நம்மூர் கடைகளில் பிரபலமான 'குருஷியல்' ரேமைத் தயாரித்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விட்டு வெளியேறுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இன்று மிச்சம் பிடிக்கும் ஒன்பதாயிரம் ரூபாய் நாளைக்கு அதே 8 ஜிபியை வாங்கித் தரும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

எஸ்எஸ்டி விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருக்க மாட்டேன். பல மெஷின்களில் அதை மாற்றலாம். வெளியே ஒரு டிஸ்க்கும் செருகலாம். 512 ஜிபி இருந்தால் நிம்மதி.

பேரைப் பார்த்து மயங்க வேண்டாம்

பிராசஸரில் நடக்கும் குழப்பம் இதைவிடப் பெரியது. 'ஐ7 சார், டாப்' என்பார்கள். ஐந்தாறு தலைமுறை பழைய ஐ7ஐப் புதிய ஐ5, சில நேரம் ஐ3கூட, முந்திவிடும். 3, 5, 7 என்பது அந்தத் தலைமுறைக்குள் மட்டும் வரிசை.

ஏஎம்டியில் இன்னொரு சூட்சுமம். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. பத்தே எண் வித்தியாசம். ஆனால் 7520யு, 2019இல் வந்த 'ஜென் 2' வடிவமைப்பில் செய்த 4 கோர் சிப். 7530யு, அதற்கு அடுத்த 'ஜென் 3'இல் செய்த 6 கோர் சிப். ஏழாயிரம் வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது: 2 என்றால் பழசு, 4 என்றால் புதுசு. தம்பி கடையில் பார்த்த 44 ஆயிரம் ரூபாய் மெஷினில் இருந்தது 7520யு. அதில் ரேமும் பற்றவைத்தது. பஸ் கிளம்பும் அவசரத்தில் அதைத்தான் எடுத்திருப்பான்.

கடைசி எழுத்தையும் பாருங்கள். யு என்றால் சாதாரணமாக 15 வாட் அளவில் ஓடுவது. ஹெச் என்றால் 45 வாட் வகை. வேகம் அதிகம், சூடும் ஃபேன் சத்தமும் அதிகம், பேட்டரி சீக்கிரம் தீரும். கணக்கு எழுதுகிறவருக்கு யு போதும். வீடியோ எடிட்டருக்கும் கேம் ஆடுபவருக்கும் ஹெச்.

கரண்ட் போகும் ஊர்க் கணக்கு

இந்தப் பகுதியைச் சென்னைக்காரர்கள் வேகமாகத் தாண்டலாம், டெல்டாக்காரர்கள் நின்று படிக்கணும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அவ்வளவு மோசமான நாள் அபூர்வம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அரைநாள் கரண்ட் இல்லாமல் இருப்பது அங்கே சர்வசாதாரணம். சம்பளம் லேப்டாப்பில் இருந்து வருகிறவனுக்கு அதுவும் கணக்கில் சேர வேண்டும்.

பேட்டரியை 'எத்தனை மணி நேரம்' என்று கேட்காமல், எத்தனை வாட்-அவர் என்று பாருங்கள். 50 வாட்-அவர் பேட்டரி, யு வகை பிராசஸர், டைப் அடித்து பிரௌஸ் செய்யும் வேலைக்கு 8 முதல் 10 வாட் எடுத்தால், ஐந்தாறு மணி நேரம் வரும். வீடியோ மீட்டிங் என்றால் அதற்கும் குறைவு.

வீட்டு இன்வெர்ட்டரில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் பேப்பரில் 1,800 வாட்-அவர். இழப்பெல்லாம் போக 1,200 கைக்கு வரும் என்று வையுங்கள். ஒரு ஃபேன் 75 வாட், இரண்டு எல்இடி 20, ரவுட்டர் 10, சாதாரண லேப்டாப் 30. மொத்தம் 135. கிட்டத்தட்ட 9 மணி நேரம் ஓடும். அந்த 30 வாட் லேப்டாப்புக்குப் பதில் 150 வாட் இழுக்கும் கேமிங் லேப்டாப்பை வைத்தால் 5 மணி நேரம்கூட நிற்காது. ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார வேண்டியதுதான். கேமிங் லேப்டாப்தான் 'பவர்ஃபுல்' என்று ஆசைப்படுகிறவர்கள் இதையும் பார்க்கணும்.

யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் மாடலாக எடுத்தால் இன்னொரு வசதி. 45 அல்லது 65 வாட் தரக்கூடிய 20,000 எம்ஏஹெச் பவர்பேங்கில் சுமார் 74 வாட்-அவர் இருக்கும்; இழப்பு போக லேப்டாப்பை ஒரு முறை நிரப்பிவிடும். போனுக்கு வாங்கிய சாதாரண பவர்பேங்க் இதற்கு உதவாது.

உப்புக்காற்றைப் பற்றி எந்த விமர்சன வீடியோவிலும் பேச மாட்டார்கள். கடலோரத்தில் போர்ட்டுகளும் உள்ளே இருக்கும் இணைப்புகளும் சீக்கிரம் அரிக்கும். ஜன்னலோரம் திறந்து வைத்து வேலை பார்க்காதீர்கள். வேலை முடிந்ததும் சூடு ஆறவிட்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு பையில் போடுங்கள். ஈரத்தால், துருவால் வரும் சேதம் பல வாரண்டிகளில் சேராது. பில் போடும் முன் அந்தப் பக்கத்தை ஒரு தடவை வாசியுங்கள்.

அடுத்த வாரம் தம்பி மறுபடி கடைக்குப் போனான், இந்த முறை காலை பஸ்ஸில். எடுத்தது: ரைசன் 5 7530யு, 16 ஜிபி டிடிஆர்4, 512 ஜிபி எஸ்எஸ்டி, யுஎஸ்பி-சி சார்ஜிங். 51,500க்குப் பேசி முடித்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து படம் எடுத்து அனுப்பினான். இரண்டு ஸ்லாட்டும் நிரம்பியிருந்தன, எட்டும் எட்டுமாக. மிச்சம் இருந்த பணத்தில் சித்திக்கு என்ன வாங்கினான் என்று கேட்டேன். "உங்க சித்தி அதைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க அண்ணே" என்றான்.