வாளும் வயலும்

முற்காலத்தில் அரசர் பலர் தம் படைவீரர்க்குத் திங்கள்தோறும் சம்பளம் அளித்திலர். மானியமாக நிலம் அளித்தனர். வீரன் அந்நிலத்தின் விளைவைக்கொண்டு தன் குடும்பத்தைப் புரந்தான்; அரசன் அழைத்தபோது படைக்கலம் ஏந்திப் போர்க்களம் புகுந்தான். புதுக்கோட்டைத் தொண்டைமான்களிடம் இவ்வாறு நிலம் பெற்ற வீரர் 'அமரக்காரர்' எனப்பட்டனர். சேர்வைக்காரர்கள் அவர்களை நடத்திச் சென்றனர்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இரகுநாதராயத் தொண்டைமான் புதுக்கோட்டை அரசை நிறுவினார். அடுத்த நூற்றாண்டில் தென்னாடு பெரும் போர்க்களமாயிற்று. 1752ஆம் ஆண்டில் சந்தாசாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டபோது, தொண்டைமான் முகம்மது அலிக்கும் ஆங்கிலேயர்க்கும் துணைநின்றார். ஆங்கிலேயரோடு கொண்ட அந்நட்பு நெடுங்காலம் நீடித்தது.

தலைவன் சேர்ந்த பக்கமே வீரனது விதியையும் வகுத்தது. 1799ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது. புதுக்கோட்டைச் சீமையில் மறைந்திருந்த கட்டபொம்மன் தொண்டைமானின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, ஆங்கிலேயரிடம் ஒப்புவிக்கப்பட்டார், கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801ஆம் ஆண்டில் மருது சகோதரரும் மாண்டபின், தென்பாளையத்தார் படைக்கலங்களை ஒப்படைக்குமாறு கும்பினியார் ஆணையிட்டனர். பாளையத்து வீரர் பலர் வாழ்விழந்தனர். புதுக்கோட்டை வீரரோ தம் நிலத்தோடு நிலைத்தனர். ஆயினும் கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்த பழி அவ்வரசை விட்டு அகலவில்லை.

போர் ஓய்ந்தபின் வாளுக்கு வேலை இல்லாது போயிற்று. அமரக்காரர் அரண்மனைக் காவலும் விழாக்காலப் பணிகளும் புரிந்து வந்தனர். திவான் சேஷையா சாஸ்திரியார் காலத்தில், 1888ஆம் ஆண்டில், இனாம் நிலங்கள் சீர்செய்யப்பட்டன. ஊழியக் கடமை நீங்கியது. குறைந்த வரி செலுத்தி நிலத்தைச் சொந்தமாக ஆளும் உரிமை கிடைத்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானியப் போர்வீரராகிய சாமுராய்களுக்கும் இத்தகைய மாறுதல் நேர்ந்தது. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் பெற்றுவந்தது நிலமன்று. அரிசியாக அளந்த படியே ஆகும். 1876ஆம் ஆண்டில் அப்படியும் நின்றது. வாள் தரிக்கும் உரிமையும் பறிபோயிற்று. சினங்கொண்ட சத்சுமா நாட்டுச் சாமுராய்கள் மறு ஆண்டே கிளர்ந்தெழுந்து தோல்வியுற்றனர். புதுக்கோட்டை வீரனோ வாளை வைத்துவிட்டு ஏரைப் பிடிக்க முடிந்தது.

1948ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் புதுக்கோட்டை அரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. அரசு மறைந்தது; அமரக்காரர் என்னும் பெயரும் பழங்கதையாயிற்று. வாளால் வந்த வாழ்வு அரசரோடு மாறும். உழைப்பால் வளரும் வாழ்வே நிலைபெறும் என்பதை அவ்வயல்கள் இன்றும் உணர்த்துகின்றன.