நிற்பதா, தொடர்வதா?

மிளகு வணிகத்தில் குறைகள் எல்லாம் ஒரே தட்டில் நிறுக்கப்படுவதில்லை. 1957 முதல் மிளகுக்கென்றே முன்பேரச் சந்தை நடந்த மட்டாஞ்சேரிக்கு இது நன்கு தெரியும். ஈரப்பதம் சற்றுக் கூடினால் விலையைக் குறைத்துப் பேசலாம், உலர்த்தியும் சரிசெய்யலாம். பொக்கு மிகுந்தால் பிரித்தெடுக்கலாம். ஆனால் 2012-ஆம் ஆண்டின் இறுதியில், கொச்சிக் கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாகப் புகார் எழுந்தபோது, உணவுப் பாதுகாப்புத் துறையினர் கிடங்குகளுக்கே முத்திரையிட்டனர். தள்ளுபடிப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. சரக்கு முதலில் நகராமல் இருக்க வேண்டும், மற்றவை பிறகு.

இயங்குதளம், தரவுத்தளம் போன்ற அடித்தள மென்பொருள்களை எழுதுவோரும் நாள்தோறும் இதே முடிவை எடுக்கிறார்கள். நடக்கக்கூடாத ஒன்று நடந்திருப்பதை நிரல் கண்டுகொள்கிறது. ஓர் எச்சரிக்கையைப் பதிவு செய்துவிட்டு மேலே செல்வதா, அந்த இடத்திலேயே நின்றுவிடுவதா?

சிறிய பிழைக்கு எச்சரிக்கை, பெரிய பிழைக்கு நிறுத்தம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பிழையின் அளவு இங்கே நல்ல அளவுகோல் அன்று. தொடர்ந்து சென்றால் விளையும் தவற்றைப் பின்னர் திருத்த இயலுமா என்பதே சரியான கேள்வி. அதனுடன் இன்னொன்றும் உண்டு: எச்சரிக்கையைப் படிப்பதற்கு யாரேனும் இருக்கிறார்களா?

நியூயார்க் பங்குச் சந்தையில் பெருமளவில் வணிகம் செய்துவந்த நைட் கேப்பிட்டல் நிறுவனம் இந்த இரண்டாவது கேள்விக்கு மிகக் கொடிய விடையைப் பெற்றது. 2012 ஆகஸ்ட் 1 அன்று பயன்படுத்துவதற்காகப் புதிய நிரலை அது தன் சர்வர்களில் நிறுவியது. எட்டில் ஏழு சர்வர்களில் மட்டுமே அது ஏறியது. எஞ்சிய ஒன்றில், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத பழைய நிரல் அப்படியே கிடந்தது. அன்று காலை 8 மணி முதல், சந்தை திறப்பதற்கு முன்பே, அந்த அமைப்பு பிழையைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களைப் பணியாளர்களுக்கு அனுப்பியது. அவை அவசர அறிவிப்பாக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எவரும் அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. 9.30-க்குச் சந்தை திறந்தது. வாடிக்கையாளர்களின் 212 ஆணைகளை நிறைவேற்றப் புகுந்த பழைய நிரல், 45 நிமிடங்களில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வணிகங்களைச் செய்து முடித்தது. இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல். விற்றதும் வாங்கியதும் சந்தையில் பதிவானவை. அவற்றை அழித்தெழுத வழியில்லை. அந்த 97 மின்னஞ்சல்களுக்குப் பதிலாக, திறப்பு மணிக்கு முன் ஒரே ஒரு நிறுத்தம் நேர்ந்திருந்தால் அன்று காலை சில வாடிக்கையாளர்கள் முணுமுணுத்திருப்பார்கள், அவ்வளவே.

அப்படியானால் எதற்கும் நின்றுவிடலாமா? 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையுடன் நின்றன. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் புதுப்பிப்புக் கோப்பே காரணம். இருபது மதிப்புகள் மட்டுமே தரப்பட்ட இடத்தில் இருபத்தொன்றாவதைப் படிக்க அது முயன்றது. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. பத்து வங்கிகளிலும் வங்கியல்லா நிதி நிறுவனங்களிலும் மட்டுமே சிறு தடங்கல் ஏற்பட்டதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. விண்டோஸ் நின்றது குற்றம் என்று நான் கருதவில்லை. தன் நினைவகத்தையே நம்ப முடியாத இயங்குதளம் தொடர்ந்து எழுதினால் கோப்புகள் கெடும். குறை வேறிடத்தில் இருந்தது: பழுதான ஒரு கோப்பை வாசலிலேயே ஏற்க மறுத்து, ஓர் எச்சரிக்கையோடு முடித்திருக்கலாம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ், ஒரு நிரலாளரின் ஐயத்துக்காக முழுக் கணினியையும் வீழ்த்துவதைப் பலமுறை கடிந்திருக்கிறார். அதே லினக்ஸில் பரவலாகப் பயன்படும் கோப்பு முறைமை ஒன்று, பிழை கண்டால் என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகளை நிர்வாகிக்குத் தருகிறது: தொடரலாம், முற்றாக நிற்கலாம், அல்லது, படிக்க மட்டும் அனுமதித்து எழுதுவதைத் தடுக்கலாம். இந்த நடுவழி எனக்கு மிகவும் பிடித்தது. கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கலாம், பேனாவை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

பணப் பரிமாற்றத்தில் நின்றுவிடுவதற்கும் ஒரு விலை உண்டு. அதை வாடிக்கையாளர் சுமக்கலாகாது என்பதே ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் ஆணையின் சாரம். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிக்கப்பட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் வங்கி தானாகவே அத்தொகையைத் திரும்ப வரவு வைக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. யு.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் அவரைச் சேராவிட்டால், அடுத்த நாளுக்குள் திருப்ப வேண்டும். ஆகவே, ‘நிலுவையில் உள்ளது’ என்று திரை காட்டும்போது அதே தொகையை உடனே மறுபடியும் அனுப்ப வேண்டாம். முதல் முயற்சி தோற்றுவிட்டது என்று அந்தத் திரை இன்னும் சொல்லவில்லை.