வெற்றுச் சங்கும் ஒரு வீடே

நோன்புக்கும் பெருநாளுக்கும் பிறை பார்க்கும் நம் இல்லங்களுக்குக் கடலின் ஏற்றவற்றக் கணக்கு எளிதில் விளங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிகுதியாக ஏறி, மிகுதியாக வற்றும். அந்நாட்களில் மண்டபம், பாம்பன் கரைகளுக்குச் செல்வோர், வற்றும் நேரத்தை மீனவரிடம் கேட்டறிந்து சென்றால், பாறையிடுக்குகளில் தேங்கிய நீர்க்குழிகளைக் காணலாம்.

அசையாமல் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். நத்தை பாசியைச் சுரண்டித் தின்னும். ஒரு சங்கு எழுந்து நடக்கும்! அதனுள் இருப்பது துறவி நண்டு. அதன் வயிற்றுப்புறம் மென்மையானது. அதைக் காக்க ஓடு செய்துகொள்ள அதனால் இயலாது. இறந்த நத்தையின் சங்கில் குடியேறி, வளர வளரப் பெரிய சங்குக்கு மாறும். நாம் பை நிறையப் பொறுக்கிவரும் வெற்றுச் சங்கு, அது தேடும் வீடாக இருக்கலாம்.

கல்லைப் புரட்டினால் முன்போலவே வைத்துவிட வேண்டும். இன்றேல் அதனடியில் வாழ்பவை வெயிலில் காய்ந்து மடியும். எந்த உயிரையும் புட்டியில் அடைக்கலாகாது. கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் 1986இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட தீவுகளுக்கு வனத்துறை அனுமதியின்றிச் செல்லலாகாது. கடல் ஏறத் தொடங்குமுன் கரை திரும்பிவிடுங்கள்.

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 14ஆம் வசனம், கடல் தரும் உணவையும் அணிகலனையும் இறைவனின் அருட்கொடைகளாக நினைவூட்டுகிறது. தேவைக்கு எடுப்பது ஆகும். விளையாட்டுக்காக அழிப்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பாழாக்குவதாகும். விடுமுறையில் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், புறப்படுமுன் இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.