கருப்பாகத் தெரியும் பச்சை: மாதிரி ரயிலுக்கு நிறம் பொருத்தும் நுட்பம்

உண்மையான ரயிலை அச்சு அசலாகச் சிறிய அளவில் வடித்து, அதற்கென அமைத்த இருப்புப்பாதையில் ஓடவிடும் மாதிரி ரயில் கலையில், அமெரிக்க ஆர்வலர்கள் பெரிதும் கையாள்வது எச்ஓ எனப்படும் அளவாகும். அசலின் 87-இல் ஒரு பங்காக அனைத்தும் சுருங்கும் இவ்வளவில், 40 அடி நீளச் சரக்குப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 14 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. நீளம், உயரம், சக்கரங்களின் இடைவெளி, ரிவெட் வரிசைகள் ஆகியவற்றை வரைபடத்தோடு ஒப்பிட்டு அளவுகோலால் சரிபார்த்துக்கொள்ளலாம் என்றாலும், நிறத்தைப் பொறுத்தவரை அளவுகோல் எதுவும் முழுமையாக உதவுவதில்லை. ஏனெனில் நிறம் என்பது பூச்சில் மட்டுமன்றி, அதன்மேல் விழும் வெளிச்சத்திலும் அதைக் காணும் கண்ணிலும் சேர்ந்தே உருவாகிறது. அசல் நிறுவனம் பூசிய அதே வர்ணத்தை அப்படியே மாதிரியின் மீது பூசினால் அது பிழையாகத் தோன்றும் என்பதே இக்கலையின் வியப்பூட்டும் உண்மையாகும்.

இதற்குப் பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனத்தின் இன்ஜின்களைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1846-இல் தொடங்கப்பட்டு 1968-இல் நியூயார்க் சென்ட்ரல் நிறுவனத்தோடு இணைக்கப்படும் வரை இயங்கிய இந்நிறுவனம், தன் இன்ஜின்களுக்குப் பூசிய வர்ணத்தை ‘டார்க் கிரீன் லோகோமோட்டிவ் எனாமல்’ என்றே தன் ஆவணங்களில் குறித்தது. மாதிரி ரயில் ஆர்வலர்களின் வழக்கில் அது ‘பிரன்ஸ்விக் பச்சை’. பயணிகள் பெட்டிகளுக்கு அது பூசிய, செம்மையும் கபிலமும் கலந்த ஆழ்ந்த நிறம் ‘டஸ்கன் சிவப்பு’ எனப்பட்டது. அந்தப் பச்சை, பெயரளவில் பச்சையே அன்றி, நிழலில் நிற்கும் இன்ஜினைப் பார்ப்பவர் கருப்பு என்றே உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அடர்ந்தது. உச்சி வெயில் நேராகப் படும்போதுதான் அதற்குள் பச்சை இருப்பது புலப்படும். 1934 முதல் 1943 வரை 139 எண்ணிக்கையில் கட்டப்பட்ட ஜிஜி-1 என்னும் மின் இன்ஜின்களுக்கு, வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி ஐந்து மெல்லிய பொன்னிறக் கோடுகளை வகுத்தளித்தபோது, அவற்றை எடுப்பாகக் காட்டிய பின்புலமும் இந்தக் கரும்பச்சையே. அவ்வகையைச் சேர்ந்த 4935 எண்ணுள்ள இன்ஜின் பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் காக்கப்படுகிறது.

இதே வர்ணத்தை மாற்றமின்றி எச்ஓ மாதிரியின் மீது பூசினால், வீட்டு அறையில் அது வெறும் கருப்பு இன்ஜினாகவே நிற்கும். சிறிய பொருளைச் சிறிது வெளிறச் செய்தே பூச வேண்டும் என்னும் கருத்து இத்துறையில் நெடுங்காலமாக நிலவுகிறது. 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துக் காணும் எச்ஓ மாதிரி, 52 மீட்டருக்கு அப்பால் நிற்கும் அசலுக்கு இணையாகத் தெரிவதால், இடைப்பட்ட காற்று நிறத்தை மங்கச் செய்யும் என்பது அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆயினும் தெளிந்த நாளில் 52 மீட்டர் காற்று செய்யும் மாற்றம் மிகச் சிறிது. வலுவான காரணம் வெளிச்சமே ஆகும். நண்பகல் வெயிலின் ஒளியளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் என்றால், நல்ல விளக்குள்ள அறையிலும் அது சில நூறு லக்ஸைத் தாண்டுவதில்லை; அடர்ந்த நிறங்களில் ஒளி குறையக் குறைய, பச்சைக்கும் கருப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் பிரித்தறியும் திறன் தேய்ந்துகொண்டே போகிறது. எனவே வெயிலில் நின்ற இன்ஜினின் நினைவை அறைக்குள் மீட்டெடுக்க வேண்டுமாயின், வர்ணத்தையே சற்றுத் தளர்த்த வேண்டியிருக்கிறது.

எதைக் கொண்டு தளர்த்துவது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறைப்படி, ஒரு நிறத்துக்கு மூன்று கூறுகள் உண்டு: அது சிவப்பா பச்சையா என்னும் சாயல், எவ்வளவு வெளிர் அல்லது அடர் என்னும் ஒளிர்வு, எவ்வளவு தூய்மையாகப் பளிச்சிடுகிறது என்னும் செறிவு. வெள்ளையைச் சேர்த்தால் ஒளிர்வு கூடும்; ஆனால் அதோடு செறிவு குறைந்து, கரும்பச்சை பால் கலந்தாற்போல் சாம்பல் பூக்கும், டஸ்கன் சிவப்போ இளஞ்சிவப்பை நோக்கி நகர்ந்துவிடும். ஆகையால் பச்சைக்கு அதே குடும்பத்தைச் சேர்ந்த வெளிர்பச்சையையும், சிவப்புக்குச் சிறிது ஆரஞ்சையோ மஞ்சள் கபிலத்தையோ பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு என்ற விகிதத்தில் தொடங்கிச் சேர்த்துப் பார்ப்பதே நல்லது. பச்சை என்று பார்த்தவுடன் சொல்லும்படி ஆகிவிட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள். கருப்பு என்று எண்ணியவர் மறுபடி உற்றுப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் எல்லையில் நிறுத்துவதே அந்த இன்ஜினுக்குச் செய்யும் நியாயம்.

அசலின் நிறத்தை அறிய உதவும் சான்றுகளும் தம்மளவில் ஐயத்துக்கு உரியவை. அமெரிக்க ரயில் நிறுவனங்கள், வர்ணம் தயாரிப்போர் எந்த நிறத்தை எட்ட வேண்டும், அதிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதைக் காட்ட, ‘டிரிஃப்ட் கார்டு’ எனப்படும் வர்ணம் பூசிய அட்டைகளை வழங்கின. இவை முதல்தரச் சான்றுகளே எனினும், எண்ணெய் கலந்த பழைய பூச்சுகள் இருளில் நெடுங்காலம் கிடந்தால் மஞ்சளிக்கும் இயல்புடையவை என்பதால், கோப்புக்குள் பத்திரமாக இருந்த அட்டைகூடத் தன் முதல் நிறத்தில் இருப்பதாகக் கொள்ள முடியாது. படங்களிலும் இதே நிலைதான்: இருளில் வைக்கப்பட்ட கோடாக்குரோம் சிலைடுகள் நிறம் காப்பதில் சிறந்தவை, தொடக்ககால எக்டாக்குரோம் சிலைடுகள் பல நீலச்சாயம் மங்கிச் செம்மை படர்ந்து விடுகின்றன. கருப்பு வெள்ளைப் படங்களில், சிவப்பை உணராத பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம், சிவந்த பெட்டியைக் கருமையாகக் காட்டியிருக்கும்.

சான்று கிடைத்தபின், அதை எந்த விளக்கின்கீழ் ஒப்பிடுவது என்பது அடுத்த கேள்வி. புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணியைக் கடையின் குழல்விளக்கில் பொருத்திப் பார்த்து வாங்கியவர், வாசலுக்கு வந்ததும் இரண்டும் வேறு வேறாக இருப்பதைக் காண்பது போன்றதே இதுவும். வெவ்வேறு நிறமிகளால் ஆன இரு பொருள்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் மற்றொன்றில் வேறாகவும் தோன்றுவதை ‘மெட்டாமெரிசம்’ என்பர். பகல் ஒளிக்கு இணையான 6,500 கெல்வின் விளக்கில் பொருந்தும் பச்சை, 2,700 கெல்வின் மஞ்சள் ஒளியில் பிரிந்து நிற்கலாம். ஆகவே ரயில் ஓடப்போகும் அறையில் எரியும் அதே விளக்கின்கீழ், மாதிரிக்கு அடிப்படையான பிளாஸ்டிக்கின் துண்டு ஒன்றில் பிரைமர் பூசி, அதன்மேல் கலவையைப் பூசி, முழுதும் உலர்ந்தபின் பார்ப்பதே நம்பத்தக்க வழி. அக்ரிலிக் வர்ணங்கள் பெரும்பாலும் உலரும்போது அடர்வதால், ஈரத்தில் எடுத்த முடிவு ஏமாற்றிவிடும். டெக்கால் எனப்படும், நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலத்துக்கு வழவழப்பான பரப்பு தேவைப்படுவதால், முதலில் பளபளப்பான வார்னிஷும் இறுதியில் பளபளப்பற்ற வார்னிஷும் பூசப்படுகின்றன; இந்த இறுதிப் பூச்சு கரும்பச்சையைத் தானாகவே சற்று வெளிறச் செய்கிறது என்பதைக் கணக்கில் கொள்ளாமல் கலவையைத் தளர்த்தினால், மாற்றம் இரட்டிப்பாகும்.

பல தலைமுறை ஆர்வலர்களுக்கு இந்த உழைப்பைப் பெருமளவு குறைத்துத் தந்தது ஃப்ளோக்வில் என்னும் வர்ண வரிசை. ‘கிரைமி பிளாக்’, ‘பாக்ஸ்கார் ரெட்’, ‘ரீஃபர் வொயிட்’ ஆகிய அதன் பெயர்கள் அவர்களின் பொதுமொழியாகவே இருந்தன. 2013-இல் அது நிறுத்தப்பட்டபோது, பழைய புட்டியை ஒட்டியே வகுக்கப்பட்ட கலவைக் குறிப்புகள் பல பயனற்றுப் போயின. நிறத்தைப் புட்டியின் பெயரால் அன்றி, பூசி உலர்த்திய துண்டாகவே காக்க வேண்டியதன் தேவை அப்போது பலருக்கும் உறைத்தது.

சரக்குப் பெட்டிகளில் மட்டும் இத்துணைக் கண்டிப்பு வேண்டியதில்லை. இரும்பு ஆக்சைடு நிறமியால் ஆன அவற்றின் செங்கபிலப் பூச்சு, மலிவானதும் வெயிலைத் தாங்குவதுமாக இருந்தாலும், பென்சில்வேனியா நிறுவனத்திலேயே காலத்துக்குக் காலம் மாறியது. நேற்றுப் பூசிய பெட்டியும், ஆண்டுக்கணக்காகப் புகைக்கரியும் மழையும் உண்ட பெட்டியும் ஒரே வண்டியில் கோக்கப்பட்டன. எனவே ஒரு புட்டியால் இருபது பெட்டிகளையும் ஒரே சீராகப் பூசுவதைவிட, அடிப்படைக் கலவையில் ஒன்றுக்குச் சிறிது ஆரஞ்சும் மற்றொன்றுக்குச் சிறிது கபிலமுமாகக் கூட்டிப் பூசுவதே உண்மையான சரக்கு வண்டிக்கு நெருக்கமானது. டஸ்கன் சிவப்புப் பயணிகள் வண்டிக்கோ, அதில் வரும் பெட்டிகள் அனைத்துக்கும் போதுமான அளவு வர்ணத்தை ஒரே முறையில் கலந்து, மீதத்தைக் காற்றுப்புகாமல் மூடி, விகிதத்தையும் வார்னிஷின் பெயரையும் சோதனைத் துண்டின் பின்புறத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் இன்னும் ஒரு பெட்டியைச் சேர்க்க நேர்ந்தால் அந்தத் துண்டை வைத்தே பொருத்தமுடியும்.