ஓடுபாதையில் முளைத்த வீடுகள்

போலந்தின் கடலோர நகரம் கதான்ஸ்க். 1974 வரை அங்கே விமானத்தில் போனவர்கள் கிட்டத்தட்ட ஊருக்குள்ளேயே இறங்கினார்கள். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில், 'டான்சிக் சுதந்திர நகரம்' என்ற பெயரில் ஊர் தனித்து நின்ற காலத்திலும் அதே நிலையம்தான். வீடுகள் நெருங்கி வரவே, மேற்கே மேட்டு நிலத்தில் உள்ள ரெம்பியெகோவோவுக்கு விமானங்கள் போயின. காலியான திடலில் ஸாஸ்பா என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது.

ஸாஸ்பாவை இன்றும் நடந்து பார்க்கலாம். கட்டடங்களுக்கு நடுவே பழைய ஓடுபாதையின் கான்கிரீட் துண்டு ஒன்று மிச்சமிருக்கிறது. தெருக்களுக்கு விமானிகளின் பெயர்கள். மொட்டைச் சுவர்களில் மாடி உயரத்துக்குச் சுவரோவியங்கள். பழைய நகரின் நெப்டியூன் நீரூற்றோடு திரும்பிவிடும் பயணிகள் இதைத் தவறவிடுகிறார்கள். எனக்கு நீரூற்றைவிட இதுதான் உசத்தி. போரில் 1945இல் தரைமட்டமான பழைய நகரமும் ஒரு வகையில் புதுசுதானே! முகப்பு 17ஆம் நூற்றாண்டுச் சாயல், உள்ளே போருக்குப் பின் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வீடுகள்.

ஸாஸ்பாவின் 'விமானிகள் தெரு'வில்தான் லேக் வலேசா குடியிருந்தார். கப்பல் கட்டும் தளத்து எலக்ட்ரீஷியன். 1980 ஆகஸ்ட் வேலைநிறுத்தத்தை நடத்தியவர். 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கம் பிறந்த சூட்டில், 1981இல் ரோமுக்கும் டோக்கியோவுக்கும் பறந்து வந்தார். அந்த டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்தது. சங்கம் தடைசெய்யப்பட்டது, அவரும் காவலில் வைக்கப்பட்டார். 1983இல் அமைதி நோபல் அறிவிக்கப்பட்டபோது அவர் ஆஸ்லோ போகவில்லை. போனால் திரும்ப விடமாட்டார்கள் என்ற பயம். மனைவி தனுத்தாவும் மகன் போக்தானும் போய் வாங்கி வந்தார்கள். அன்று சாதாரணக் குடிமகனின் பாஸ்போர்ட்கூட அவன் வீட்டு அலமாரியில் இருக்காது. அரசிடம் கேட்டு வாங்க வேண்டும். பயணம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ரெம்பியெகோவோ நிலையத்துக்கு 2004இல் அவர் பெயரையே சூட்டினார்கள். போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். மலிவுக் கட்டண விமானங்கள் வந்தன. பிரிட்டனுக்கும் நார்வேக்கும் வேலைக்குப் போகிறவர்களின் கூட்டமும் வந்தது. ஆஸ்லோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. போலந்துக்காரர் அடையாள அட்டையோடு ஏறிவிடலாம். 2012 யூரோ கால்பந்துப் போட்டிக்காக அலை வடிவக் கூரையுடன் புது முனையம் திறந்தார்கள். 2015 முதல் நிலையத்துக்கே ரயில் வருகிறது. 2024இல் வந்துபோன பயணிகள் 60 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. ஃபிராங்க்ஃபர்ட் மாதிரி ஒரு பெரிய நிலையத்தில் மாறியாக வேண்டும்.

இறங்கியதும் கப்பல் தளத்தின் இரண்டாம் எண் வாசலுக்குப் போங்கள். பக்கத்திலேயே துருப்பிடித்த இரும்பு நிறத்தில் 2014இல் திறந்த ஐரோப்பிய சாலிடாரிட்டி மையம். வேலைநிறுத்தக்காரர்கள் 21 கோரிக்கைகளையும் கையால் எழுதித் தொங்கவிட்ட ஒட்டுப்பலகைகளை அங்கே பார்க்கலாம். சுதந்திரமான தொழிற்சங்கம் வேண்டும் என்பதுதான் முதல் வரி. தளத்துக்குள் 'எலக்ட்ரீஷியன்கள் தெரு' என்றே ஒன்று உண்டு. பழைய பட்டறைகளை ஒட்டி இப்போது மதுக்கடைகள், கோடை இரவுகளில் காதடைக்கும் இசை. பேச்சுத்துணையோடு போகிறவர்கள் பகலிலேயே போய்விடுவது நல்லது.