மரத்தடி வைத்தியம்

காய்ச்சல் கண்டால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். தலைவலி என்றால் சுக்கை இழைத்துப் பற்றுப் போடுகிறோம். மனத்திலே நோவு கண்டால் மட்டும், "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு, அவரவர் அடுப்பங்கரைக்கோ ஆபீஸுக்கோ போய்விடுகிறோம். சொல்லாத துயரம் உள்ளே கிடந்து வளருகிறது. அதை இறக்கி வைப்பதற்கு ஒரு வழியை ஆப்பிரிக்காக் கண்டத்துப் பாட்டிமார் சிலர் உலகத்துக்குக் காட்டியிருக்கிறார்கள். நம் இல்லங்களில் எல்லோரும் அறிந்துகொள்ளத்தக்க கதை அது.

ஜிம்பாப்வே தேசத்துக்கு 2005-ம் வருஷத்தில் ஒரு பெருங் கஷ்டம் நேர்ந்தது. நகரங்களில் அனுமதியின்றிக் கட்டியவை என்று சொல்லி, ஏழைகளின் வீடுகளையும் கடைகளையும் சர்க்கார் இடித்துத் தள்ளிற்று. சுமார் 7 லக்ஷம் ஜனங்கள் வீட்டையோ பிழைப்பையோ இழந்ததாக ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. அந்த நாட்களில், டிக்ஸன் சிபாண்டா என்னும் மனோவியாதி வைத்தியரை ஒரு சம்பவம் உலுக்கிவிட்டது. அவரிடம் சிகிச்சை பெற்று வந்த இளம்பெண் ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவளை ஏன் முன்பே அழைத்து வரவில்லை என்று டாக்டர் தாயாரைக் கேட்டார். பஸ் சத்தத்துக்கு 15 டாலர் கையில் இல்லை என்று தாய் சொன்னாள்.

நோயாளி தம்மைத் தேடி வரட்டும் என்று ஆஸ்பத்திரியில் காத்திருப்பதில் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கண்டுகொண்டார். ஆனால், ஒரு கோடிக்கு மேல் ஜனத்தொகை உள்ள அந்தத் தேசத்தில் அவரைப் போன்ற நிபுணர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2006-ல், ஹராரே நகரின் ம்பாரே பேட்டையில் அவருக்குக் கிடைத்த சேனை 14 பாட்டிமார்களே! வைத்தியசாலைக்குள்ளே இடமும் இல்லை. ஆகவே, வெளியே ஒரு மர பெஞ்சைப் போட்டார்கள்.

முதலில் அதற்கு "மனநல பெஞ்சு" என்று பெயர். அதில் உட்கார யாருக்குத் துணிவு வரும்? உட்கார்ந்தால் ஊரார் பைத்தியம் என்று சொல்லிவிட மாட்டார்களா? பெயரை மாற்றச் சொன்னவர்கள் பாட்டிமாரே. "சிநேக பெஞ்சு" ஆயிற்று, ஜனங்களும் வந்தார்கள். வியாதியின் பெயரையும் தங்கள் ஷோனா பாஷையிலேயே சொன்னார்கள். "குஃபுங்கிஸிஸா" என்றால், அளவு மீறி யோசித்தல் என்று அர்த்தம். "ராத்திரி முழுதும் ஒரே யோசனை, கண் மூடவில்லை" என்று நம் வீடுகளிலும் சொல்வதுண்டல்லவா? அதுவேதான்.

பாட்டியின் சிகிச்சை என்ன? முதலில் 14 கேள்விகள். தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்பது போன்றவை. பிறகு, வந்தவர் தம் துன்பங்களையெல்லாம் கொட்டித் தீர்க்கிறார். பாட்டி குறுக்கிடாமல் கேட்கிறாள். புருஷனுக்கு வேலை இல்லை, வாடகை பாக்கி, குழந்தைக்குச் சுகமில்லை - எல்லாம் ஒரு மூட்டையாக அழுத்துகின்றன. அந்த மூட்டையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுக்கச் சொல்கிறாள். அதற்கு என்னென்ன செய்யலாம் என்று இருவரும் யோசிக்கிறார்கள். அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தை, வந்தவரே தீர்மானம் செய்கிறார். மறுபடி வந்து, நடந்ததைச் சொல்ல வேண்டும். இப்படி ஆறு தடவை. பின்னர், முன்பு பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் கூட்டமாய்க் கூடிக் கைப்பை பின்னுகிறார்கள். பேச்சும் நடக்கிறது, நாலு காசும் கிடைக்கிறது.

"கிழவிகள் பேசினால் நோய் தீருமா?" என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. ஹராரேயில் 24 வைத்தியசாலைகளில் 573 பேரைக் கொண்டு செய்த பரீட்சையின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஆறு மாதம் சென்ற பின்னும் மனச்சோர்வின் குறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களிலோ, நூற்றுக்கு 14 பேருக்குத்தான் இருந்தன!

நம் பாரத தேசமும் இவ்விஷயத்தில் பின்தங்கிவிடவில்லை. கோவாவில் 1996-ல் தோன்றிய ஸங்காத் என்னும் ஸ்தாபனம், வைத்தியப் பட்டம் பெறாத சாதாரண மனிதர்களைப் பழக்கி, மனச்சோர்வுற்றவர்களுக்கு உதவச் செய்தது. சோர்வினால் கைவிட்டுவிட்ட சின்னஞ்சிறு காரியங்களை ஒவ்வொன்றாக மீண்டும் செய்யத் தூண்டுவது அவர்கள் முறைகளில் ஒன்று. உற்சாகம் வந்த பிறகு செய்வோம் என்றிராமல், செய்யத் தொடங்கினால் உற்சாகம் பின்னால் வரும் என்பதே அதன் ரகசியம். நிறுத்திவிட்ட கோலத்தை மறுபடி போடுவதும், மாலையில் ஒரு நடை போய் வருவதும், பழைய சிநேகிதிக்கு ஒரு கடிதம் எழுதுவதும் அற்ப விஷயங்களல்ல.

ஒன்று எச்சரிக்க வேண்டும். எல்லா மனோவியாதிக்கும் பேச்சு மருந்தாகாது. பல நாள் ஊண் உறக்கம் இல்லாதவரையும், இல்லாத குரல் கேட்பவரையும், உயிரில் வெறுப்புக் கொண்டவரையும் பாட்டிமாரே டாக்டரிடம்தான் அனுப்புகிறார்கள். நாமும் தாமதமின்றி அப்படியே செய்ய வேண்டும். நம் நாட்டில் 2022 முதல் 14416 என்ற இலக்கத்துக்குக் கட்டணமின்றி டெலிபோன் செய்து, தமிழிலேயே ஆலோசனை கேட்கவும் வசதி இருக்கிறது. அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

மற்ற நாட்களில், வீட்டிலுள்ள ஊஞ்சற் பலகையே போதும். இன்று ராத்திரி சாப்பாடான பிறகு, வழக்கத்துக்கு மாறாக மௌனமாயிருப்பவர் அருகில் போய் உட்காருங்கள். புத்திமதி சொல்ல அவசரப்படாதீர்கள். "என்ன யோசனை?" என்று கேளுங்கள். "ஒன்றுமில்லை" என்ற பதில் வந்தால், எழுந்து போய்விடாமல் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருங்கள்.