பெங்களூரிலிருந்து லூசர்ன்: டிக்கெட்டுக்கு முன்னால் போட வேண்டிய விசா கணக்கு

கோடை லீவுக்கு சுவிட்சர்லாந்து என்று முடிவானதும் பலர் முதலில் செய்வது, மலிவாகக் கிடைக்கும் ஃப்ளைட் டிக்கெட்டை புக் செய்வது. லூசர்ன் ஏரிக்கரையில் ஹோட்டலும் போட்டாச்சு. பிறகுதான் விசா. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் பணம் மிஞ்சும்.

2024-ல் இந்தியாவிலிருந்து சுமார் 11 லட்சம் ஷெங்கன் விசா விண்ணப்பங்கள் போயின. அவற்றில் சுமார் 1.65 லட்சம் நிராகரிக்கப்பட்டன. ஏறக்குறைய ஏழில் ஒன்று. நிராகரித்தாலும் கட்டணம் திரும்ப வராது. 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12-க்குள் உள்ள குழந்தைக்கு 45 யூரோ. கணவன், மனைவி, எட்டு வயதுப் பிள்ளை என்றால் 225 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. இதோடு டிக்கெட்டும் ரத்து செய்ய முடியாத வகையாக இருந்தால், அதுவும் போச்சு. அதனால் விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் புக்கிங் மட்டும் போடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும்.

எந்த நாட்டிடம் கேட்பது?

குழப்பம் அதிகம் இங்கேதான். மியூனிக்கில் இறங்கி இரண்டு நாள் தங்கி, ரயிலில் லூசர்ன் போய் ஐந்து நாள் இருக்கப் போகிறீர்கள். முதலில் இறங்குவது ஜெர்மனி என்பதால் அங்கே விண்ணப்பிக்கலாமா? கூடாது. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும், அதாவது சுவிட்சர்லாந்திடம். இரண்டு நாட்டிலும் நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனா ஷெங்கனில் இருக்கிறது. ஒரே விசா போதும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடு கட்டாயம்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாய்ப்பு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சிக்கலான விண்ணப்பம் என்றால் 45 நாள்வரை ஆகலாம். ஏப்ரல் கடைசியில் கிளம்புகிறவர்கள் ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

ஏப்ரலா, மே கடைசியா?

பெங்களூரு பள்ளிகளின் லீவு ஏப்ரல், மே. லூசர்னில் ஏப்ரல் ரெண்டுங்கெட்டான் மாதம். உலகிலேயே மிகச் செங்குத்தான பல்சக்கர ரயில், 48 சதவீதச் சரிவில், 1889-லிருந்து பிலாட்டஸ் மலைக்கு ஓடுகிறது. குளிர்காலத்தில் அது ஓடாது. ஏப்ரலில் போகிறவர்கள் கிரியன்ஸ் பக்கத்திலிருந்து கேபிள் காரில்தான் ஏற வேண்டியிருக்கலாம். அந்த ரயிலுக்காகவே போகிறீர்கள் என்றால் மே பிற்பாதியைப் பாருங்கள். பனிதான் வேண்டும் என்றால் கவலை இல்லை, டிட்லிஸ் மலையில் 3,000 மீட்டருக்கு மேல் கோடையிலும் பனி உண்டு. ஷாருக் கான், கஜோல் கட்அவுட்டும் அங்கே நிற்கிறது!

அடுத்தது ஸ்விஸ் டிராவல் பாஸ். ரயில், லூசர்ன் ஏரிப் படகு, ரிகி மலை ரயில் எல்லாம் அதில் அடங்கும். பிலாட்டஸுக்கும் டிட்லிஸுக்கும் பாதிக் கட்டணம் கட்ட வேண்டும். 6 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகள், பாஸ் வைத்திருக்கும் அப்பா அல்லது அம்மாவோடு இலவசமாகப் போகலாம், ஆனால் அதற்கான ஃபேமிலி கார்டைக் கேட்டு வாங்க வேண்டும். தினம் ஊர் மாறுகிறவர்களுக்கு பாஸ் லாபம். ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து, 14-ம் நூற்றாண்டு மரப்பாலத்தில் நடந்து, மெதுவாக ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு அது தேவைப்படாது. லூசர்னில் ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு நகர பஸ்ஸில் போக விசிட்டர் கார்டு இலவசம்.